குழந்தையின் பெயர் காப்பீட்டு அட்டையில் இருக்கிறதா?

எங்கள் தெருவில் ஒரு பெண். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய்க் குழந்தையோடு திரும்பி வந்தாள். ஒன்றரை வயதில் குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை என்று டாக்டர் சொன்னார். வீட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தது. மாமனார், மாமியார், கணவர் மூவரின் பெயரும் அதில் இருந்தன. அவள் பெயரும் இல்லை, குழந்தை பெயரும் இல்லை. அதைச் சேர்க்க நாலு அலுவலகம் ஏறி இறங்கினார்கள். ஒவ்வோர் அலுவலகமும் அடுத்ததைக் கை காட்டியது. மூச்சு வாங்கும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் வரிசையில் நின்றதைப் பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

திட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. 2018 முதல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு சேர்ந்து நடக்கிறது. பட்டியலில் உள்ள அறுவை சிகிச்சைகளும் படுக்கையில் சேர்த்துப் பார்க்கும் சிகிச்சைகளும்தான் இதில் வரும். சளி, காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்த்துவிட்டு வருவது வராது.

குழந்தைகள் விடுபடுவது எங்கே என்று பார்த்தால், பெரும்பாலும் ரேஷன் கார்டில். காப்பீட்டில் குடும்பம் என்றால் ரேஷன் கார்டில் பெயர் உள்ளவர்கள். கல்யாணமாகி மூன்று வருடம் ஆனாலும் பல பெண்களின் பெயர் பிறந்த வீட்டுக் கார்டிலேயே இருக்கும். அங்கே நீக்கினால்தான் இங்கே சேர்க்க முடியும். குழந்தையை எந்தக் கார்டில் சேர்ப்பது என்ற குழப்பத்திலேயே ஒரு வருடம் ஓடிவிடும். தயவுசெய்து கர்ப்பமாக இருக்கும்போதே தாயின் பெயரை மாற்றிவிடுங்கள். நீக்கல், சேர்த்தல் இரண்டுக்கும் உணவு வழங்கல் துறை இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். இ-சேவை மையத்திலும் செய்யலாம். விண்ணப்பம் நகரவில்லை என்றால் வட்ட வழங்கல் அலுவலகத்துக்குப் போங்கள். பெரும்பாலும் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை ரேஷன் குறைதீர் முகாம் நடக்கும். அன்று கேட்டால் வேலை சீக்கிரம் நடக்கும்.

அடுத்த வில்லங்கம் பிறப்புச் சான்றிதழ். 21 நாளுக்குள் பிறப்பைப் பதிந்துவிட வேண்டும். அது மட்டும் போதாது. பெயர் வைக்கும் முன்பே பதிவதால் சான்றிதழில் பெயர் இடம் காலியாக இருக்கும். ரேஷன் கார்டில் குழந்தையைச் சேர்க்க அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போனால் திருப்பி அனுப்புவார்கள். முதல் 12 மாதம் வரை பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். எங்கே பிறந்ததோ அங்கேதான் பதிவு இருக்கும். அதனால் அம்மா வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே அந்த வேலையை முடித்துவிடுங்கள். சான்றிதழில் அப்பா, அம்மா பெயரின் இனிஷியலும் எழுத்தும் அவர்கள் ஆதாரில் எப்படியோ அப்படியே இருக்கட்டும். ஒரு எழுத்து மாறியதற்காக மூன்று முறை அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

வருமானச் சான்றிதழில்தான் ஏழைகள் அதிகம் அடிபடுகிறார்கள். "ஒரு நாள் கூலி எவ்வளவு?" என்று கேட்பார்கள். "600" என்று சொன்னதும், 30 நாளால், 12 மாதத்தால் பெருக்கினால் 2,16,000. தகுதி போய்விட்டது. மாதம் 30 நாளும் எந்தக் கூலிக்காரருக்கு வேலை கிடைக்கிறது? 15 நாள்தான் வேலை என்றால் ஆண்டு வருமானம் 1,08,000. எத்தனை நாள் வேலை கிடைக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள், விண்ணப்பத்திலும் அப்படியே எழுதச் சொல்லுங்கள். பொய் சொல்லச் சொல்லவில்லை. பாதி உண்மையால் குழந்தை வெளியே போய்விடக் கூடாது.

சரி, ரேஷன் கார்டில் பெயர் ஏறிவிட்டது. காப்பீட்டில் தானாக ஏறிவிடும் என்று இருந்துவிடாதீர்கள். கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டுத் திட்டப் பதிவு மையத்துக்கு ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழோடு போய், குழந்தையின் பெயரைத் திரையில் பார்த்துவிட்டு வாருங்கள். "ஏறிடும், போங்க" என்ற வார்த்தையை நம்பி வெளியே வராதீர்கள். இரண்டாவது குழந்தை பிறந்தாலும், குடும்பம் தனிக் கார்டு வாங்கினாலும் இதே வேலையை மறுபடி செய்ய வேண்டும். பழைய அட்டை கையில் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

அப்புறம் ஐந்து வயது. கைக்குழந்தைக்கு எடுக்கும் ஆதாரில் கைரேகை இருக்காது. 5 வயது முடிந்ததும் கைரேகையும் கருவிழியும் பதிய வேண்டும். 7 வயதாகியும் பதியாவிட்டால் ஆதார் முடக்கப்படலாம். ஆதார் முடங்கினால் அதை நம்பியிருக்கும் எல்லாமே தடுமாறும்.

வயதுக் கணக்கில் இன்னொன்று. பிறவியிலேயே காது கேட்காத குழந்தைக்குக் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை இந்தத் திட்டத்தில் உண்டு. ஆனால் 6 வயதுக்குள் இருக்க வேண்டும். பெயர் சேர்க்க ஒரு வருடம் அலைக்கழித்தால் அந்தக் குழந்தை இழப்பது அந்த ஒரு வருடத்தோடு முடியாது.

இதற்குள்ளேயே குழந்தைக்கு உடம்பு முடியாமல் போய்விட்டதா? அட்டை இல்லையென்று வீட்டிலேயே இருக்காதீர்கள். அரசு மருத்துவமனையில் அட்டை இல்லாமலும் சிகிச்சை உண்டு. சேர்த்துவிட்டு, அங்குள்ள காப்பீட்டுத் திட்டப் பிரிவில் ரேஷன் கார்டைக் காட்டிப் பேசுங்கள். திட்டத்தில் உள்ள தனியார் மருத்துவமனையில், அனுமதி கிடைத்த சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்டால் ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். உடனே 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் சொல்லுங்கள்.

அலுவலகத்தில் எந்த மனு கொடுத்தாலும் பதிவு எண்ணோ, முத்திரை வைத்த நகலோ இல்லாமல் நகராதீர்கள். அதுவும் நடக்கவில்லையா, திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் அந்த நகலை இணைத்து மனு கொடுங்கள். எங்கள் தெருக் குழந்தையின் பெயர் அப்படித்தான் ஏறியது.