பூட்டை ஊருக்குக் கொடுங்கள், திறப்பை வைத்துக்கொள்ளுங்கள்

மருதமுனையில் இருந்து கைத்தறிச் சாரங்களைக் கொழும்புக்கு அனுப்பும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "விலைப்பட்டியல், வங்கிக் கணக்கு எல்லாம் ஈமெயிலில்தான் போகுது. அதை மறைத்து அனுப்ப எஸ்-மைம் நல்லதா, பிஜிபி நல்லதா?"

ஜிமெயில் போன்றவற்றில், மடல் போகும்போது அதை மறைக்கும் டிஎல்எஸ் என்ற ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அது வழியை மட்டும்தான் காக்கும். போய்த் தங்கும் சேர்வரில் மடல் பிரித்தபடியே கிடக்கும். 'இம்மடல் இரகசியமானது' என்று அடியில் போடுவதெல்லாம் கடை வாசலில் தேசிக்காய் கட்டுவது மாதிரித்தான்.

எஸ்-மைம், பிஜிபி என்ற இரண்டு முறைகளும் மடலையே பூட்டுகின்றன. அந்தப் பூட்டுத்தான் எனக்குப் பிடித்த சங்கதி. கொழும்பு முதலாளி உங்களுக்கு இரகசியம் ஒன்று அனுப்ப வேண்டும். நீங்கள் திறப்பை அனுப்பினால் வழியில் யாராவது அதைப்போல இன்னொன்று வெட்டிவிடலாம். ஆகவே, திறந்த பூட்டொன்றை அனுப்புகிறீர்கள். அவர் பெட்டியில் கடிதத்தை வைத்துப் பூட்டை அழுத்திவிடுவார். அப்புறம் அவராலேயே திறக்க முடியாது. திறப்பு உங்கள் மேசை லாச்சிக்குள்.

எண்களால் இப்படியொரு பூட்டைச் செய்ய முடியுமா? 53ஐ 61ஆல் பெருக்குங்கள்: 3233. ஒரு நிமிட வேலை. இப்போது பக்கத்துக் கடைக்காரரிடம் 3233ஐ மட்டும் கொடுத்து, எந்த இரு முதன்மை எண்களின் பெருக்கம் என்று கேளுங்கள். 3, 7, 11 என்று வகுத்து வகுத்தே தேத்தண்ணி ஆறிவிடும். 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்ற ஆய்வாளர் மூவரும் பூட்டுச் செய்தது இந்தச் சிரமத்தை வைத்துத்தான். பெருக்கி வந்த எண் பூட்டோடு ஊரெல்லாம் போகும். திறப்பு அந்த இரு முதன்மை எண்களில் இருந்து பிறக்கும். இன்று வழக்கிலுள்ள 2048 பிட் பூட்டில் அந்த எண்ணுக்கு 617 இலக்கங்கள்!

இராமானுஜனை உலகறியச் செய்த கணிதர் ஹார்டி, எண்களைப் பற்றிய தன் கணிதம் எதற்கும் பயன்படாது என்று பெருமைப்பட்டவர். இன்று முதன்மை எண்கள்தான் மடலைப் பூட்டுகின்றன. "இதனால் என்ன பிரயோசனம்?" என்று கேட்டு ஆராய்ச்சிக் காசை வெட்டுபவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

சரி, எதை எடுப்பது? பிஜிபியில், வந்த பூட்டு உண்மையில் மறுபக்கத்தாருடையதுதானா என்று நீங்களே உறுதிசெய்ய வேண்டும். எஸ்-மைமில் அதற்குச் சான்றிதழ் நிறுவனம் சாட்சி நிற்கும். அவுட்லுக் மடல் செயலியிலும் எஸ்-மைமுக்கு இடமுண்டு. உங்கள் கடைக்கு எஸ்-மைம் போதும் என்பேன், மறுபக்கத்தாரும் சான்றிதழ் எடுக்கச் சம்மதித்தால். இரண்டிலுமே தலைப்பு வரி பொதுவாக மறையாது. கணக்கு இலக்கத்தை அங்கே எழுதாதீர்கள். திறப்பின் பிரதியொன்றை வேறிடத்தில் வையுங்கள். மாரி வெள்ளத்தில் மடிக்கணினி போனால், பழைய மடல்களை உங்களாலும் வாசிக்க முடியாது.