"நான் பார்த்தேன்" என்று சொல்ல ஒரு ஆள்

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணை அவருடைய கணவர் அழைத்து வந்தார். (ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) "இவளுக்கு மறதி முத்திப்போச்சு டாக்டர்" என்றார். அந்தம்மாவிடம் எதைக் கேட்டாலும் பதில் இவரிடமிருந்தே வந்தது. சரி, கொஞ்ச நேரம் வெளியே இருங்கள் என்று அனுப்பினேன்.

கதவு சாத்தியதும் அந்தம்மா பையிலிருந்து தினசரி காலண்டர் தாள்களை ஒரு கற்றையாக எடுத்தார். ஒவ்வொன்றின் பின்பக்கமும் பென்சில் எழுத்து. 'பீரோ சாவி ஆணியில். காலை 9.10.' 'பால் பாக்கி கொடுத்தாச்சு.'

"எழுதி வச்சுக் காட்டுனாலும் இல்லேங்கறாக. அவுக சொல்றதுதான் சரியா இருக்கும். எனக்குத்தான் கிறுக்குப் பிடிச்சிருச்சுபோல."

நினைவாற்றல் சோதனையில் குறையில்லை. தைராய்டு, பி12 அளவுகளும் சரி.

நடந்ததை இல்லையென்றே சொல்லிச்சொல்லி, ஒருவரைத் தன் நினைவையும் புத்தியையுமே சந்தேகிக்க வைப்பது: இதைத்தான் 'கேஸ்லைட்டிங்' என்கிறோம். பேட்ரிக் ஹாமில்டன் 1938இல் எழுதிய மேடை நாடகமும், அதை வைத்து 1944இல் ஜார்ஜ் குக்கர் எடுத்த 'கேஸ்லைட்' படமும் தந்த சொல். இங்கிரிட் பெர்க்மன் ஆஸ்கர் வாங்கிய படம். லண்டன் வீட்டில் பொருள்கள் காணாமல் போகும். எடுத்தவள் நீதான், மறந்துவிட்டாய் என்பான் கணவன். வெளியார் யாரோடும் பழக விடமாட்டான். ராத்திரி மாடியறையில் ரகசியமாக நகை தேட அவன் விளக்கேற்றும்போது, எரிவாயு அங்கே பிரிந்து போவதால் மனைவியின் அறை விளக்கு மங்கும். அதுவும் தன் மனப்பிரமையோ என்று பயந்துகொண்டிருப்பாள். கடைசியில் ஒரு துப்பறியும் அதிகாரி அதே அறையில் நின்று, விளக்கு மங்குவதைத் தானும் பார்க்கிறார். சிகிச்சை அங்கேதான் தொடங்குகிறது என்பேன்.

எல்லாச் சண்டையும் இதில் சேராது. "எனக்கு அப்படி ஞாபகம் இல்லையே" என்பது சாதாரணப் பேச்சு. "உனக்குப் புத்தி சரியில்லை" என்றே தினமும் சொல்லி, பிறந்த வீட்டுப் போக்குவரத்தையும் நிறுத்துவது கொடுமை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் மனரீதியான துன்புறுத்தலும் அடக்கம். உதவிக்கு 181, மனநல ஆலோசனைக்கு 14416.

பெற்றவர்களே, "அனுசரிச்சுப் போ" என்று சொல்லுமுன் மகள் வீட்டில் நாலு நாள் தங்கிப் பாருங்கள். இந்த அம்மாவுக்குத் தங்கை போய்த் தங்கினார். அடுத்த முறை இருவரும் சேர்ந்தே வந்தார்கள். தங்கை சொன்னார்: "சாவி ஆணியிலதான் இருந்துச்சு டாக்டர். மச்சான் எடுத்துச் சட்டைப்பையில போட்டாக. நான் பார்த்தேன்."

அக்கா அவர் கையை விடவே இல்லை.