கொடி செழித்தும் முலாம்பழம் இனிக்கவில்லையா?

“விதைதான் சரியில்லை” என்றே அந்த விவசாயி பேச்சைத் தொடங்கினார். வயலுக்குப் போய்ப் பார்த்தேன். பாத்தியே தெரியாத அளவுக்கு முலாம்பழக் கொடி படர்ந்திருந்தது. இலைகள் கரும்பச்சை, காய்களும் நல்ல பருமன். பழுத்த ஒன்றை அறுத்து, சாற்றை இனிப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் கருவியில் விட்டுப் பார்த்தபோது பிரிக்ஸ், அதாவது சாற்றின் இனிப்பு அளவு, 7 காட்டியது. முலாம்பழத்துக்கு 9 இருந்தால் ஏற்கலாம். 11 தாண்டினால் நல்ல இனிப்பு. பேச்சு கொடுத்ததில் விஷயம் தெரிந்தது. அந்தப் பருவத்தில்தான் அவர் முதன்முறையாக நிலப்போர்வை, அதாவது பாத்தியை மூடும் பிளாஸ்டிக் தாள் மூடாக்கு, விரித்திருந்தார். உரத்தையோ, திறந்த நிலத்தில் இட்டுவந்த அதே அளவில் இட்டிருந்தார்.

பயிர் ஆலோசனைக்குப் போகும் இடங்களில் நான் அடிக்கடி காணும் தவறு இது. மூடாக்கு விரித்த அன்றே மண்ணின் கணக்கு மாறிவிடுகிறது. திறந்த நிலத்தில் இடும் தழைச்சத்தில் (நைட்ரஜன்) ஒரு பங்கை மழை வேருக்குக் கீழே இறக்கிவிடும். இன்னொரு பங்கைக் களை தின்னும். நிலப்போர்வைக்கு அடியில் இந்த இரண்டு இழப்பும் வெகுவாகக் குறைகிறது. போதாக்குறைக்கு, மண் வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருப்பதால் தொழு உரத்தில் உள்ள சத்தும் விரைவாகக் கரைந்து வெளிவருகிறது. பழைய அளவு அங்கே மிகை அளவாகிவிடும். மிகையான தழைச்சத்து கொடியைத்தான் வளர்க்கும். காய் பிடிக்கும் பூக்கள் தாமதமாகும், பழுப்பது தள்ளிப்போகும், இனிப்பு இறங்கும்.

இனிப்பு ஏன் இறங்குகிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. வாழைக்காயில் மாவுச்சத்து சேர்ந்திருக்கிறது. பறித்த பிறகு அது சர்க்கரையாக மாறும். முலாம்பழத்தில் அந்தச் சேமிப்பு கிடையாது. பறித்து வைத்தால் சதை மென்மையாகும், மணம் கூடும், ஆனால் இனிப்பு ஏறாது. பூ மலர்ந்து சுமார் 35 முதல் 45 நாளில் பழம் முதிர்கிறது. அதில் கடைசிப் பத்துப் பன்னிரண்டு நாட்களில் இலையிலிருந்து வந்து சேரும் சர்க்கரைதான் பழத்தின் சுவை. அந்த நாட்களில் கொடி புதுத் துளிர் விட்டுக்கொண்டிருந்தால், பழத்துக்குப் போகவேண்டியதைத் துளிர் வாங்கிக்கொள்ளும். நோயால் இலைகள் கருகினாலும் முடிவு அதுவேதான்.

அதனால் நான் சொல்லும் முறை இது. மக்கிய தொழு உரத்தையும் மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) போர்வை விரிக்கும் முன்பே அடியுரமாக மண்ணில் கலந்துவிடுங்கள். விரித்த பிறகு அந்த வாய்ப்பு கிடைக்காது. தழைச்சத்தின் பெரும்பகுதியைக் காய் பிடிக்கும் வரை சொட்டுநீருடன் சிறுகச் சிறுகக் கொடுங்கள். காய் பருக்கத் தொடங்கியதும் அதைக் குறைத்து, சாம்பல்சத்தை (பொட்டாஷ்) கூட்டுங்கள். இந்தப் பயிர் மண்ணிலிருந்து மிக அதிகமாக எடுப்பது சாம்பல்சத்தைத்தான். எடுத்ததில் பெரும்பங்கு பழத்துக்கே போகிறது. ஆனால் “பொட்டாஷ் போட்டால் இனிக்கும்” என்று கேள்விப்பட்டு அள்ளிக் கொட்டியவர்களின் வயலையும் பார்த்திருக்கிறேன். சாம்பல்சத்து மிகுந்தால் மெக்னீசியமும் கால்சியமும் வேருக்குள் ஏறுவது தடைப்படும். அடி இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இடையில் மஞ்சளாகிக் காயும். சர்க்கரை தயாரிக்கும் இலையையே இழந்த பிறகு பொட்டாஷ் என்ன செய்யும்? மண் பரிசோதனை இல்லாமல் அளவு சொல்ல நான் எப்போதும் மறுப்பது இதனால்தான்.

மூடாக்கின் பெரிய நன்மையாகக் களைக் கட்டுப்பாட்டைத்தான் பலரும் சொல்வார்கள். நான் சீரான ஈரத்தைச் சொல்வேன். கால்சியம் தண்ணீரோடு சேர்ந்தே பயணிக்கும் சத்து. ஈரம் ஏறி இறங்கினால் பழத்துக்கு அது ஒழுங்காகப் போய்ச் சேராது, சதை உறுதி குறையும். காய்ந்து கிடந்த மண்ணில் திடீரென்று தண்ணீர் பாய்ந்தால் பழம் வெடிப்பதும் உண்டு. பழம் நேரடியாக ஈர மண்ணில் படாததால் அடிப்பக்க அழுகலும் குறைகிறது.

நிறத்தைக் காலம் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். குளிர்ந்த மண்ணில் கறுப்புப் போர்வை உதவும், 5 செ.மீ. ஆழத்தில் ஏறக்குறைய 3 டிகிரி வரை வெப்பம் கூட்டும். கடும் வெயிலில் இருநிறத் தாளின் வெள்ளி நிறப் பக்கம் மேலே இருக்கட்டும். அதில் பட்டுத் திரும்பும் ஒளி அசுவினி, வெள்ளை ஈ போன்ற பூச்சிகளைக் குழப்புவதால், அவை பரப்பும் வைரஸ் நோய் வருவதும் தள்ளிப்போகும். கொடி படர்ந்து போர்வையை மறைத்ததும் இந்தப் பலன் போய்விடும். வைக்கோல் மூடாக்கு மண்ணைக் குளிர்விக்கும், மெல்ல மக்கி மண்ணை வளப்படுத்தும். அதை மேலே பரப்புவதோடு நிறுத்துங்கள். மக்காமல் அப்படியே மண்ணில் புதைத்தால், அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தழைச்சத்தைப் பிடித்துக்கொள்ள, இளங்கொடி வெளுத்து நிற்கும்.

போர்வையை ஈர மண்ணின் மேல்தான் விரிக்க வேண்டும். சொட்டுநீர்க் குழாய் அதற்கு அடியில் போகவேண்டும். நாற்றைச் சுற்றியுள்ள துளையில் கொஞ்சம் மண் இட்டு மூடுங்கள். இல்லாவிட்டால் அந்த வழியே வரும் சூடான காற்று இளந்தண்டைச் சுட்டுவிடும். பூக்கும் காலத்தில் தேனீக்கள் வரும் காலை நேரத்தில் மருந்து தெளிக்காதீர்கள். பூ ஒரே நாள்தான் திறந்திருக்கும். பழம் முதிரும் வாரத்தில் கொடி வாடிவிடாத அளவுக்குத் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் மன்றாடிக் கேட்கிறேன். மலிவு என்று மிக மெல்லிய தாளை வாங்காதீர்கள். அறுவடை முடிந்து உருவும்போது அது துண்டு துண்டாகக் கிழிந்து மண்ணிலேயே தங்கிவிடும். 25 முதல் 30 மைக்ரான் தடிமன் இருந்தால் முழுதாகச் சுருட்டி எடுக்கலாம். எடுத்ததை வயல் ஓரத்தில் போட்டுக் கொளுத்தவும் வேண்டாம்.