ஃப்ளெக்ஸி டைம்: நெகிழ்நேரம்

கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கம் ‘ஆட்கள் தேவை’ நோட்டீஸ்களில் ‘ஃப்ளெக்ஸிபிள் டைமிங்’ என்று போட்டிருந்தால் உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். பல இடங்களில் அதற்குப் பொருள், முதலாளி கூப்பிட்டபோது வரவேண்டும், ஷட்டர் இறக்கும்வரை நிற்கவேண்டும் என்பதுதான். சொல் பிறந்தது இதற்கு நேர் எதிரான காரியத்துக்கு.

1967-இல் ஜெர்மனியில், மியூனிக் அருகே இருந்த ஒரு விமானத் தயாரிப்பு நிறுவனத்தில், எல்லோரும் ஒரே நேரத்தில் வேலைக்கு வருவதால் சாலையில் நெரிசல். வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும் ஊழியரே வைத்துக்கொள்ளட்டும், நடுவில் சில மணி நேரம் மட்டும் எல்லோரும் இருந்தால் போதும் என்று விட்டார்கள். பெயர் ‘கிளைட்ஸைட்’, அதாவது நழுவும் நேரம். ஆங்கிலத்தின் ஃப்ளெக்ஸுக்கு இலத்தீன் வேர். வளைத்தல் என்று பொருள்.

தமிழில் ‘நெகிழ்நேரம்’ போதும். நெகிழ்தல் என்றால் இளகுவது, நழுவுவது இரண்டும்தான். சங்கப் பாட்டில் தலைவியின் வளை நெகிழ்கிறதே, அந்த நெகிழ்தல். ‘நெகிழ்வுத்தன்மையுடைய பணி நேரம்’ என்று இழுப்பானேன்?

ஷிப்ட் வேறு. அது முறை. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் டெல்டாவில் முறைவைத்துத்தான் விடுவார்கள். எந்த வாய்க்காலுக்கு எந்த நாள் என்பதை வயல்காரர் முடிவுசெய்வதில்லை. ஷிப்டில் ஊழியரும் அப்படித்தான். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தத்தைச் சட்டமன்றம் நிறைவேற்றியபோதும் ‘நெகிழ்வு’ என்றுதான் விளக்கம் சொன்னார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் அது திரும்பப் பெறப்பட்டது.

சரி, முதலாளி என்ன செய்யலாம்? ஒரு ஜவுளிக்கடையை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு முதல் ஐந்துவரை பொதுநேரம், எல்லோரும் இருக்கட்டும். மன்னார்குடி பஸ்ஸைப் பிடித்து ஒன்பதுக்கே வந்துவிடுகிறவர் ஆறுக்குக் கிளம்பட்டும். பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டுப் பதினொன்றுக்கு வருகிறவர் எட்டுவரை இருக்கட்டும். குறுவை நடவு சமயத்தில் ஒருவருக்கொருவர் நாள் மாற்றிக்கொள்ள விடலாம். ஆனால் யார் எப்போது என்பது முந்தின வாரமே நோட்டில் ஏறவேண்டும். வாய்வார்த்தையாக விட்டால் மறுபடி ‘கூப்பிட்டபோது வா’தான்.

கணக்கு எழுதுகிறவர் வீட்டிலிருந்தே டேலி மென்பொருளில் ஏற்றலாம். பேறுகால விடுப்பு முடிந்த பெண்கள், வேலையின் தன்மை இடம்கொடுத்தால், முதலாளியோடு பேசி வீட்டிலிருந்து வேலை செய்ய 2017 சட்டத் திருத்தமே வழி சொன்னது. பேசி முடிவானதை எழுதி, இருவரும் ஒரு பிரதி வைத்துக்கொள்வது நல்லது.