பசியும் இல்லை, தூக்கமும் இல்லை

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஐஸ் கம்பெனி வைத்திருப்பவர். மதுரையில் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஏழு வாரம் ஆகிறது, 17 கிலோ குறைந்துவிட்டது. "முன்னெல்லாம் நான் விடுற குறட்டைக்குத் தெரு நாய் எந்திரிச்சு ஓடும் சார். இப்ப நாய் தூங்குது, நான் ரெண்டு மணிக்குத் திண்ணையில உக்காந்திருக்கேன். பசிகூட இல்லை. வயித்த வெட்டினா தூக்கம் எப்படிப் போகும்?"

நேரடியான காரணங்களை முதலில் முடித்துவிடலாம். தையல் வலி, புரண்டு படுக்க முடியாமை, படுத்தால் மேலேறும் நெஞ்சுக்கரிப்பு. மடக்கு மடக்காகக் குடித்தே அன்றைய தண்ணீரை முடிக்க வேண்டியிருப்பதால் பலர் இரவு பத்து மணிக்குக் கடைசி அரை லிட்டரை உள்ளே தள்ளிவிட்டு, ராத்திரி முழுக்கக் கழிப்பறைக்கு நடக்கிறார்கள். பகலில் அசதியாகச் சாய்வதும் உண்டு. விழித்திருக்கும்போது மூளையில் சேருகிற அடினோசின்தான் இரவுத் தூக்கத்துக்கு முதலீடு. மதியத் தூக்கம் அதைச் செலவழித்துவிடும்.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன்.

இவருக்குச் செய்தது ஸ்லீவ் முறை. இரைப்பையில் முக்கால் பங்கை நறுக்கி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் போல விட்டுவிடுவார்கள். பசி மணி அடிக்கிற கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது, வெட்டி எடுத்த அந்த மேல்பகுதியில். அதனால்தான் பசி இல்லை. ஆனால் பசியை உணர்வது வேறு, இருப்பைக் கணக்குப் பார்ப்பது வேறு. கணக்குப் பார்க்கிறவர்கள் மூளைக்கு அடியில், ஹைப்போதலாமஸில் இருக்கிறார்கள். ஒரெக்சின் செல்கள் என்று பெயர். 1998-ல்தான் ஒரெக்சின் பிடிபட்டது. 8,600 கோடி நரம்புச் செல்கள் உள்ள மூளையில் இவை எழுபதாயிரம் வாக்கில்தான். கடலில் கரைத்த பெருங்காயம் என்பீர்கள். ஆனால் இந்தப் பெருங்காயம் கடல் முழுக்க மணக்கும்: இவற்றின் இழைகள் மூளையில் ஏறக்குறைய எல்லா இடத்துக்கும் போய் "முழிச்சிரு" என்று சொல்கின்றன. இந்தச் செல்கள் அழிந்துபோனவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிழுவார்கள்.

விழிப்புக்கும் உணவுக்கும் ஏன் ஒரே அலுவலகம்? ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது பாம்பன் தெற்குவாடிப் பக்கம் நாய்களைப் பாருங்கள். மற்ற மாதங்களில் படகு நிழலில் சுருண்டு கிடப்பவை, மீன் தலை கிடைக்காமல் ராத்திரியெல்லாம் அலையும். சாப்பாடு இல்லாத நேரத்தில் தூங்குகிற விலங்கு செத்துப்போகும். தேடப் போகிற விலங்கு பிழைக்கும். ஒரெக்சின் செல்கள் அந்த ஏற்பாடு. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் இவை அடங்கும். கொழுப்புச் செல்கள் அனுப்புகிற லெப்டின் வந்தாலும் அடங்கும். லெப்டின் என்பது "குதிர்ல நெல் இருக்கு, படு" என்ற சேதி. 2003-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலிகளைப் பட்டினி போட்டுப் பார்த்தார்கள். சாதாரண எலிகள் விழித்து அலைந்தன. ஒரெக்சின் செல்கள் இல்லாத எலிகளோ பட்டினியிலும் சும்மா கிடந்தன. இதைப் படித்த அன்று எனக்கே தூக்கம் வரவில்லை, அத்தனை அழகான சோதனை.

இப்போது நம் ஐஸ் கம்பெனிக்காரரைப் பாருங்கள். சாப்பாடு முன்பு சாப்பிட்டதில் ஒரு மூலை. கொழுப்பு கரைகிறது, அதைவிட வேகமாக லெப்டின் விழுகிறது. கிரெலின் மணி நின்றுவிட்டாலும், குதிர் காலியாகிறது என்ற சேதி நிற்கவில்லை. வயிறு கேட்கவில்லை, மூளை கேட்கிறது. தூக்கமின்மைக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நடுராத்திரியில் காரணமில்லாமல் தெளிவாக முழிப்பு வருவதில் இதற்கும் பங்கு உண்டு. எடை இறங்குவது நிதானத்துக்கு வரும்போது இந்தப் பரபரப்பும் தணிய வாய்ப்பு அதிகம்.

அவர் கடிதத்தின் கடைசியில் இன்னொன்று இருந்தது. சாயங்காலமானால் காலுக்குள் ஏதோ ஊர்கிற மாதிரி இருக்கிறதாம், நடந்தால் சரியாகிறதாம். வீட்டில் கண்ணேறு என்று தாயத்துக் கட்டியிருக்கிறார்கள். தாயத்தால் கெடுதல் ஒன்றுமில்லை, அதைக் கட்டிவிட்டு ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாத வரை. இது அமைதியற்ற கால் என்கிற தொந்தரவாக இருக்கலாம். அடிக்கடி இதன் பின்னால் இருப்பது இரும்புச்சத்துக் குறைவு. இரைப்பையை வெட்டியதில் அதன் அமிலமும் குறைவதால் இரும்பு சரியாக உள்ளே சேராது. ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுகிற ஃபெரிட்டின் பார்க்கச் சொல்லுங்கள். இந்தத் தொந்தரவு உள்ளவர்களுக்கு அது 75-க்குக் கீழே இருந்தால் இரும்பு கொடுத்துப் பார்ப்பது வழக்கம்.

மற்றபடி, எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழுந்து காலை வெயிலில் நில்லுங்கள். இந்தக் கரையில் அதற்குப் பஞ்சமில்லை. மதியத்துக்கு மேல் டீ வேண்டாம். தண்ணீரைப் பொழுது சாய்வதற்குள் முடித்துவிடுங்கள். முழிப்பு வந்தால் படுக்கையில் புரளாமல் திண்ணைக்கே போங்கள், செல்போன் இல்லாமல். தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். அத்தனை குறட்டை விட்டவருக்குத் தூக்கத்தில் மூச்சு நிற்கும் கோளாறு மிச்சம் இருக்கலாம், அதைப் பரிசோதித்தாக வேண்டும். வாந்தி நிற்காமல், நடை தள்ளாடினால் அன்றே மருத்துவமனை. அது வைட்டமின் பி1 குறைவாக இருக்கலாம், காத்திருக்காது.

 

போன வாரம் அவரிடமிருந்து பதில் வந்தது. ஹீமோகுளோபின் 13.2, ஃபெரிட்டின் 19. மருத்துவர் இரும்பு மாத்திரையை ஏற்கெனவே எழுதித்தான் கொடுத்திருந்தாராம். இவர் ஒரு நாளும் தவறாமல், கால்சியம் மாத்திரையோடு சேர்த்து, டீயில் முழுங்கியிருக்கிறார். இரண்டுமே இரும்பை உள்ளே விடாதவை.