தோலில் தெரியும் துளையை வைத்துக் காயத்தை அளக்காதீர்கள்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் துப்பாக்கிக் காயம் அரிது. அரிதாக வருவதாலேயே அதைப் பற்றிய தவறான எண்ணங்கள் திருத்தப்படாமல் நிலைத்துவிடுகின்றன. சட்ட மருத்துவத் துறையில் இருக்கும் நான் அதிகம் கேட்கும் வாசகம், "சின்ன ஓட்டைதானே டாக்டர், உள்ளே ஒண்ணும் ஆகியிருக்காது" என்பது. தோலில் உள்ள துளை, தோட்டா உடலைத் தொட்ட கணத்தை மட்டுமே காட்டும். அதன் பிறகு நடப்பதை அதன் வடிவமும் வேகமும் எதிர்ப்படும் திசுவும் சேர்ந்து தீர்மானிக்கின்றன.

கூர்மையான தோட்டாதான் ஆழமாகப் பாயும் என்பது இன்னொரு நம்பிக்கை. கூர்மை காற்றுக்காகச் செய்யப்பட்டது, சதைக்காக அல்ல. நீண்டு கூராக முடியும் ரைஃபிள் தோட்டாவில் எடையின் மையம் பின்பக்கம் இருக்க, காற்றின் அழுத்த மையம் அதற்கு முன்னால், மூக்குப் பக்கம் அமைகிறது. ஆகவே காற்று அதைப் புரட்டிவிடவே பார்க்கும். குழலின் உட்சுவரில் திருகலாக வெட்டப்பட்டிருக்கும் வரிப்பள்ளங்கள் தோட்டாவைச் சுழற்றி அனுப்புவது இதைத் தடுக்கத்தான். அந்தச் சுழற்சி காற்றில் போதுமானது. தசையோ காற்றைவிட 800 மடங்குக்கும் மேல் அடர்த்தியானது. அங்கே சுழற்சி தாக்குப்பிடிப்பதில்லை. தோட்டா சாய்ந்து, குறுக்காகப் புரண்டு, வழியில் உடையாமல் இருந்தால் பின்பக்கம் முன்னாகத் திரும்பிய நிலையில் பயணத்தை முடிக்கிறது. குறுக்காகக் கிடக்கும் அந்தச் சில சென்டிமீட்டர் தூரத்தில்தான் ஆற்றலின் பெரும்பங்கு திசுவுக்குப் போய்ச் சேருகிறது.

இந்தப் புரளல் எந்த ஆழத்தில் தொடங்கும் என்பது தோட்டாவுக்குத் தோட்டா மாறும். ஏகே-47 ரகத்தின் முழு உலோக உறையுள்ள தோட்டா, திசுவை ஒத்த ஜெலட்டினில் சுமார் 25 செ.மீ. வரை நேராகச் செல்லக்கூடியது. தொடையின் சதையை மட்டும் கடந்து போனால் இருபுறமும் சிறிய துளையோடு முடிந்துவிடலாம். ஏகே-74-இன் மெலிந்த, மூக்கினுள் வெற்றிடம் உள்ள தோட்டாவோ சுமார் 7 செ.மீ. ஆழத்திலேயே புரளத் தொடங்குகிறது.

நம் ஊர்க் காவலர்கள் 'த்ரீ நாட் த்ரீ' என்று சொல்லும் .303 ரைஃபிளின் கதை இன்னும் தெளிவானது. அதன் பழைய தோட்டா மொட்டை மூக்குடன் சுமார் 14 கிராம் எடை கொண்டது. அத்தகைய தோட்டா எளிதில் புரளாமல் நேராக ஆழம் போகும் இயல்புடையது. 1910-இல் வந்த ஏழாம் வகை, சுமார் 11 கிராம் எடையில் கூர்மையாக்கப்பட்டது. மூக்கினுள் ஈயத்துக்குப் பதிலாக அலுமினியமோ மரநாரோ வைக்கப்பட்டதால் பின்பக்கம் மேலும் கனத்தது. காற்றில் வேகமும் தூரமும் கூடின, உடலுக்குள் புரளும் இயல்பும் கூடியது. மூக்கில் ஈயம் வெளியே தெரியும் தோட்டாக்கள் வேறு ரகம்: அவை உடலுக்குள் விரிந்து, குறைந்த ஆழத்தில் அகலமான சேதத்தை உண்டாக்கும். கொல்கத்தா அருகே டம்டம்மில் தயாரானதால் அந்த ஊரின் பெயரையே பெற்ற அவற்றைப் போரில் பயன்படுத்த 1899-ஆம் ஆண்டு ஹேக் பிரகடனம் தடை விதித்தது.

நம் வாசகர்களில் பெரும்பாலோர் இவற்றைக் கண்ணால்கூடப் பார்க்கப் போவதில்லை. ஆனால் மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்திலும் வைத்திக்குப்பத்திலும் கூடும் கூட்டத்தில், பலூன் சுடும் கடையின் ஏர்கன்னைத் தொடாத பிள்ளைகள் குறைவு. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, ஆற்றல் 20 ஜூலுக்கும் குழல் விட்டம் 4.5 மி.மீ.-க்கும் மிகாத ஏர்கன்னுக்கு உரிமம் தேவையில்லை. உரிமம் தேவையில்லை என்றால் ஆபத்தில்லை என்று பெற்றோர் எடுத்துக்கொள்வதுதான் என் கவலை.

ஏர்கன்னின் ஈயப் பெல்லட்டுக்கு இடுப்பு ஒடுங்கி, பின்பாகம் குழிவாக விரிந்திருக்கும். தலைப்பக்கம் கனமாக இருப்பதால், சுழற்சி குறைந்தாலும் இறகுப்பந்தைப் போலத் தலை முன்னாகவே பறக்கும். தட்டைத் தலை காகித அட்டையில் வட்டமாக வெட்டியது போன்ற துளையிடும், ஆனால் வேகத்தைச் சீக்கிரம் இழக்கும். உருண்டைத் தலை வேகத்தை நெடுந்தூரம் காக்கும். சுமார் அரை கிராம் எடையே உள்ள இந்தப் பொருள், நொடிக்கு ஏறத்தாழ 100 மீட்டர் வேகத்திலேயே தோலைத் துளைத்துவிடும். சாதாரண ஸ்பிரிங் ஏர்ரைஃபிள் இதைவிட அதிக வேகத்தில் சுடுகிறது. கண்ணைத் துளைக்க இந்த வேகம்கூட வேண்டாம். கண்குழியின் மேற்பக்க எலும்பு மிக மெல்லியது, அதன் வழியே பெல்லட் மூளைக்குள் போய்விடக்கூடும். வெளியில் பார்த்தால் இமையில் ஒரு சிறு கீறல் மட்டுமே தெரியலாம்.

காயம்பட்டால் கேசுவால்டிக்கு வாருங்கள். துளைக்குள் ஊசியோ இடுக்கியோ விட்டுத் தேட வேண்டாம். கண்ணில் பட்டிருந்தால் அழுத்திக் கட்டாமல், கண்ணைத் தொடாதபடி ஒரு காகிதக் கோப்பையைக் கவிழ்த்து ஒட்டுங்கள். போலீஸ் கேஸாகிவிடும் என்று தயங்குவோர் உண்டு; எம்.எல்.சி. (சட்டம் சார்ந்த மருத்துவ வழக்கு) பதிவு என்பது சிகிச்சைக்குத் தடையில்லை, அவசர சிகிச்சையே முதலில் என்பதை 1989-இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. சட்டையில் உள்ள துளையின் வழியாகக் கத்தரிக்காமல் வேறு இடத்தில் வெட்டி எடுத்து, உலர்ந்த பின் தடயமாகக் காகித உறையில் வையுங்கள்.

இளம் மருத்துவர்களுக்கு இரண்டு சொற்கள். வெளியேறிய துளை இல்லாமலும், எக்ஸ்ரேயில் அந்தப் பகுதியில் குண்டு தென்படாமலும் இருந்தால் படத்தை விரிவாக்குங்கள். ரத்தக் குழாய்க்குள் புகுந்த பெல்லட் தொலைவான உறுப்புக்கு அடித்துச் செல்லப்பட்டிருக்கலாம். எடுக்கும்போது வெற்று உலோக இடுக்கியால் பிடித்தால் குண்டின் மேல் துப்பாக்கிக் குழல் பதித்த வரித்தடங்கள் சிதையும், ஆகவே ரப்பர் உறை போட்ட முனையைப் பயன்படுத்துங்கள். ஈயக் குண்டு காந்தத்தால் ஈர்க்கப்படாது, இரும்புக் குண்டு ஈர்க்கப்படும் என்பதால் எது என்று தெரியாமல் எம்.ஆர்.ஐ.-க்கு அனுப்பக் கூடாது. எனவே பெற்றோர்களே, பிள்ளையை அழைத்து வரும்போது, சுட்ட குண்டு இருந்த அதே டப்பாவிலிருந்து ஒன்றையும் கையோடு கொண்டு வாருங்கள்.