செப்பரேஷன்: பிரிவா, பிரிப்பா?

விமானக் கட்டுப்பாட்டாளர்கள் நாள் முழுக்கப் புழங்கும் சொல் செப்பரேஷன். இரண்டு விமானங்களுக்கு நடுவே இருந்தே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தூரமும் அதுதான், அந்தத் தூரம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் வேலையும் அதுதான். இறங்க வரும் விமானங்களை ரேடாரில் பார்த்து வழிநடத்தும்போது பொதுவான அளவு 3 கடல் மைல், அதாவது சுமார் 5.6 கி.மீ.; இல்லையென்றால் உயரத்தில் 1000 அடி. இரண்டில் ஒன்று இருந்தால் போதும்.

மூலம் லத்தீன். 'சே' என்றால் தனியே, 'பராரே' என்றால் ஆயத்தம் செய்தல். ஆக, பிறப்பிலேயே இது ஒருவர் செய்யும் செயல்.

இந்தச் செயலின் முழுக் கனமும் தெரிவது இணை ஓடுபாதைகளில்தான். ஓடுபாதைகளின் நடுக்கோடுகளுக்கு இடையே 1035 மீட்டராவது இருந்தால், உரிய கண்காணிப்போடு இரண்டிலும் ஒன்றையொன்று சாராமல் விமானங்களை இறக்கலாம் என்கிறது ஐகாவோ, அதாவது பன்னாட்டுப் பயணிகள் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதி. இரண்டும் தத்தம் ஓடுபாதைக்கு நேரான இறங்குகோட்டைப் பிடிக்கும்வரை ஒன்றை மேலேயும் மற்றதை 1000 அடி கீழேயும் வரவைப்பார்கள். பிடித்த பிறகு அந்த இரண்டுக்கும் நடுவே 3 மைல் கணக்கு செல்லாது. அப்புறம் காவல், நடுவில் குறைந்தது 610 மீட்டர் அகலத்துக்கு ஒதுக்கிய நுழையாப் பட்டைதான். ஒரு விமானம் தடம் மாறி அதற்குள் புகுந்தால், ஒழுங்காக வந்துகொண்டிருக்கும் மற்ற விமானத்தைத்தான் உடனே திருப்பி மேலேற்றுவார்கள். தவறியவர் சொல்பேச்சு கேட்பார் என்று காத்திருக்க அங்கே நேரமில்லை. 1035 மீட்டருக்குக் கீழே, 915 மீட்டர் வரை என்றால், பக்கத்துப் பாதையில் முன்னே போகும் விமானத்துக்கு மூலைவாட்டில் குறிப்பிட்ட தூரம் விட வேண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'இடைவெளி' பலர் எழுதுவது. ஆனால் அதை ஸ்பேசிங் என்பதற்கு விட்டுவைக்க வேண்டும். 3 மைல் போதும் என்ற இடத்தில், நடுவே ஒரு விமானம் புறப்படட்டும் என்று 6 மைல் விட்டால், அது கட்டுப்பாட்டாளர் தேவை பார்த்து வைக்கும் இடைவெளி. 'விலக்கம்' ஆகவே ஆகாது. தடம் விலகுவதையும் அதுவே குறித்துவிடும், இங்கே அஞ்ச வேண்டியதே அதைத்தான். 'பிரிவு' தானாகப் பிரிவது. பிரித்து வைப்பவர் ஒருவர் இருப்பதால் 'பிரிப்பு' என்பதே சரி. ரேடார் பிரிப்பு, உயரப் பிரிப்பு, மூலைவாட்டுப் பிரிப்பு என்று கூட்டுச்சொற்களும் இடறாமல் வருகின்றன. அளவுக்குக் கீழே நெருங்கிவிட்டால் 'பிரிப்புக் குலைவு' எனலாம்.